மாசியில் விதைத்த பாதி

என் கணவர் இறந்த அன்று காலை எள் விதைத்துக்கொண்டிருந்தார். ஆரணியிலிருந்து களம்பூர் போகும் சாலையோரம் எங்களுக்குக் கிணற்றுப் பாசனத்தோடு ஒரு கழனி உண்டு. மாசிப் பட்டம் தவறக் கூடாது என்று ஆபீசுக்கு லீவு போட்டிருந்தார். பாதிக் கழனியை விதைத்துவிட்டு மதியம் வந்தவர் மோர் மட்டும் கேட்டார். "வெயிலு" என்றார். கட்டிலில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து நான் கழனிக்குப் போனபோது பங்குனி பிறந்துவிட்டது. அவர் விதைத்த பாதியில் பயிர் முளைத்திருந்தது. பக்கத்துக் கழனி அக்காதான் தண்ணீர் பாய்ச்சியிருந்தார். சீராக விழ மணல் கலந்து வைத்த மீதி விதை பம்ப்செட் அறையில் பக்கெட்டோடு இருந்தது.

"அந்த வெதய உட்டுடுங்க டீச்சர். பட்டம் போச்சி. இப்ப வெதச்சா அறுக்கற நேரத்துல மழை புடிச்சிகினு பேஜாராயிடும்," என்றார் அக்கா.

நான் கேட்கவில்லை. அவர் கையால் கலந்த விதை அது. மீதி நிலத்தில் நானே வீசினேன். வாய்க்கால் பக்கம் பாய் விரித்ததுபோல் அடர்ந்து விழுந்தது, மற்ற இடம் சொட்டையாகிவிட்டது.

பிறகு அவருடைய பாதியில் பயிர் கலைக்க, நெருக்கமாக நின்றதைப் பிடுங்கி இடைவெளி விட, நானும் அக்காவும் இறங்கினோம். ஒரே சீராக விதைத்துக்கொண்டு போயிருந்தார். நடுவில் ஓரிடத்தில் மட்டும் ஒரு பிடி விதை கொட்டியதுபோல் கொத்தாக முளைத்திருந்தது. அதைத் தாண்டி வெறும் மண். அப்புறம் மறுபடி பயிர், கோணல்மாணலாக, வரப்பு வரைக்கும்.

அக்கா நிமிர்ந்தார். "இங்க என்னாச்சி? அவரு கை இப்டிக் கொட்டாதே."

சொன்ன பிறகுதான் அக்காவுக்கே புரிந்திருக்க வேண்டும். குனிந்துகொண்டார். என் கணவருக்கு நெஞ்சுவலி அங்கேதான் வந்திருக்கிறது. மூடிய கை திறந்துவிட்டது. அதற்குப் பிறகும் வரப்புவரை விதைத்து முடித்துவிட்டு வந்துதான் என்னிடம் வெயில் என்று சொல்லியிருக்கிறார்.

"கலைக்கணுங்க. இப்டி முட்டிகினு நின்னா எதுவும் காய்க்காது."

"அது மட்டும் இருக்கட்டும்க்கா."

அதன் பிறகு, பள்ளிக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக என் கணவரைப் பார்த்தேன். அதே இடத்தில், மார்பில் கை வைத்துக் குனிந்தபடி.

அவருடைய பாதி அடியிலிருந்தே கிளைத்துக் காய்த்தது. நான் விதைத்தது ஒல்லி ஒல்லியாக வளர்ந்து, பல செடிகளில் நோய் விழுந்து பூவே இலையாகிப் போனது. மிச்சம் மழையில் நனைந்து கறுத்தது. அந்தக் கொத்தை நானே அறுத்தேன். முழங்கால் உயரம்கூட இல்லை. உதறியதில் உள்ளங்கை நிறையவில்லை. அதையும் குவியலில் போட்டேன்.

அடுத்த மாசியில் முழுக் கழனியையும் நானே விதைத்தேன். அக்கா கூடவே நடந்து வந்தார். "ஜல்தி வேணாம். நடந்துகினே வீசுங்க, நிக்காதீங்க." நிற்கவில்லை.

எள் சீராக முளைத்தது. அந்தக் கொத்து முளைத்தது எந்த இடம் என்று என்னாலும் இப்போது சொல்ல முடியாது. அடையாளம் போனதிலிருந்து அவர் கழனியில் எங்கே வேண்டுமானாலும் நிற்கிறார்.