மார்லிஸும் கோல்டன்ராட் சரிவும்

மார்லிஸ் டோம்ப்ராவ்ஸ்கி பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிய காலத்தில், செப்டம்பர் பிறந்தால் வண்டி ஏரிச் சாலையில் நத்தை மாதிரி ஊரும். சாலையின் இரண்டு பக்கமும் கோல்டன்ராட் செடிகள் தோளுயரத்துக்கு வளர்ந்து, மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தலை சாய்ந்து நிற்கும். தேனீக்கள் மொய்க்கும். "அம்மா பூ பார்க்கிறாங்க" என்று பிள்ளைகள் சிரிப்பார்கள். அவள் பூவைப் பார்க்கவில்லை, தண்டைப் பார்த்தாள். தண்டின் நடுவில் கோலிக்குண்டு அளவுக்கு உருண்டையாக வீங்கியிருக்கிறதா என்பதுதான் அவள் கவலை.

அந்த வீக்கத்துக்குள் ஒரு புழு இருக்கும். வசந்தத்தில் ஒரு சின்ன ஈ குருத்தில் முட்டை வைத்துவிட்டுப் போகும். புழு தண்டைக் குடைய, செடி அதைச் சுற்றிப் பந்து போல வீங்கிக் கொடுக்கும். கோடை முழுக்கத் தின்று கொழுத்த புழு, குளிர்காலம் வந்ததும் அதற்குள்ளேயே சுருண்டு படுத்துவிடும். செடி காய்ந்து பனியில் விறைத்து நிற்கும். புழுவும் விறைத்துத்தான் போகும், ஆனால் சாகாது. பிப்ரவரியில் ஹார்ன் ஏரி உறைந்து கிடக்கும்போது, பனிக்கட்டியில் துளை போட்டுத் தூண்டில் இறக்குகிறவர்களுக்கு அதைவிட நல்ல இரை கிடையாது. அந்த மாதத்து மீனுக்குப் பசி இருக்காது. சும்மா ருசி பார்க்கும். ருசி பார்க்க அந்தப் புழுவின் அளவுதான் சரி.

இதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அவள் சிறுமியாக இருந்தபோது அப்பா அண்ணன்மாரை ஏரிக்குக் கூட்டிப் போவார், அவளும் ஒட்டிக்கொள்வாள். இரை டப்பா அவர்கள் கையில் இருக்கும். மார்லிஸுக்கு ஒரு வெறும் தூண்டிலும் உட்காரக் கவிழ்த்துப் போட்ட வாளியும்தான். ஒருநாள் அலுத்துப்போய், கரையில் நின்ற காய்ந்த செடியை ஒடித்து, உருண்டையைக் கல்லால் உடைத்தாள். உள்ளே வெள்ளையாக என்னவோ சுருண்டு கிடந்தது. முள்ளில் குத்தி இறக்கினாள். அன்று வீட்டுக்குப் போன மீன்களில் பாதிக்கு மேல் அவளுடையவை.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஆசிரியை எல்லாரையும் கோல்டன்ராட் பற்றி நாலு வரிப் பாட்டு எழுதச் சொன்னார். தங்கம் என்றும் கிரீடம் என்றும் மற்றவர்கள் எழுத, மார்லிஸ் புழுவைப் பற்றி எழுதினாள். எதுகை சரியாகத்தான் இருந்தது. மதிப்பெண்தான் கிடைக்கவில்லை.

பிறகு கல்யாணம், ரே டோம்ப்ராவ்ஸ்கியோடு நெடுங்காலக் குடித்தனம், பேருந்து, ரேயின் மறைவு, ஓய்வு. எல்லாக் குளிர்காலத்திலும் உருண்டை மட்டும் விடாமல் வந்தது. சாலையோரத்தை ஊராட்சி இயந்திரம் வைத்து மழித்துவிடும். மற்ற நிலமெல்லாம் மக்காச்சோளம். ஆகவே அவள் பறிப்பது முழுக்க, வீட்டை ஒட்டிய ஒரு சரிவு நிலத்தில்தான். அங்கே காற்று பலமாக அடிப்பதால் பனி ஆழமாகத் தங்காது, செடிகள் புதையாது. அந்தச் சரிவு அவளுடையது அல்ல. பக்கத்து வீட்டுக் கோர்டி ஃபோய்க்ட்டுக்கு அவன் சித்தப்பா விட்டுப் போனது.

கோர்டி அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். தீவன ஆலையில் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன், மனைவியை இழந்தவன். வீட்டு முன்னால் அவன் வளர்த்த புல்தரையில் ஒரு களையைப் பார்க்க முடியாது. ஆகஸ்ட் தொடங்கினால் தும்முவான். தும்மும்போதெல்லாம் சரிவைப் பார்த்து முறைப்பான்.

"உன் மூக்கைக் கெடுக்கிறது அது இல்ல கோர்டி," என்பாள் மார்லிஸ். "உன் கொட்டகைக்குப் பின்னாடி பச்சையா நிக்குதே ராக்வீட் களை, அதோட மகரந்தம்தான். அதுக்குப் பூ இருக்கிறதே கண்ணுக்குத் தெரியாது."

"பார்க்க அழகா இருந்துட்டா நீ எந்தத் திருடனையும் நம்பிடுவே," என்பான் அவன்.

அந்த ஜனவரியில், வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு ஊரே கூடும் மதுக்கடையில், கோர்டி எல்லார் காதிலும் விழும்படி சொன்னான்: "வசந்தத்துல சரிவை உழப்போறேன். கிறிஸ்துமஸ் மரத்துக்கு ஃபர் கன்னு சொல்லியாச்சு. ஏப்ரல்ல வந்துடும்."

மார்லிஸ் முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மொத்தச் சரிவையுமா?"

"பின்னே பாதியையா உழுவாங்க?"

"பந்தயம் கட்டுறியா?" என்றாள் அவள். அடுத்த மேசைகளில் தலைகள் திரும்பின. "அடுத்த மாசம் தீயணைப்புக்காரங்க நடத்துற மீன்பிடிப் போட்டியில என் வாளி உன் வாளியைவிடக் கனமா இருந்தா, சரிவுல கை வைக்கக் கூடாது."

கோர்டி தாடையைச் சொறிந்தான். "நான் ஜெயிச்சா?"

"நீயே சொல்லு."

"அன்னைக்கு ராத்திரி விருந்துல என்னோட போல்கா ஆடணும். ஒரு பாட்டுக்கு இல்ல. வாத்தியக்காரங்க களைச்சு உக்கார்ற வரைக்கும்."

கடையே ஊளையிட்டது. மார்லிஸ் கையை நீட்டினாள், அவன் குலுக்கினான். தோற்பதைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. டிசம்பரிலேயே பறித்த உருண்டைகள் ஒரு சாக்கு நிறைய, பின்கட்டுத் தாழ்வாரத்தில், குளிரில் பத்திரமாகத் தொங்கின.

பத்திரமாகத் தொங்கியது அக்கா பெர்னடீன் வரும்வரைதான். முழங்கால் அறுவைக்குப் பின் தங்கையிடம் தங்க வந்த பெர்னடீனுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. ஊன்றுகோலோடு வீடு முழுக்க ஒழுங்குபடுத்திக்கொண்டே இருப்பாள். போட்டிக்கு இரண்டு நாள் முன்பு, இருவரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, மேசைவிரிப்பின் மேல் ஒரு ஈ நடந்து வந்தது. பறக்கவில்லை, நடந்தது. பழுப்புப் புள்ளி போட்ட இறக்கையை ஆட்டி ஆட்டி, கல்யாணத்துக்கு வந்த மாமன் மாதிரி மிடுக்காக நடந்தது. அதன் பின்னால் இன்னொன்று. சர்க்கரைக் கிண்ணத்தின் மேல் மூன்று.

மார்லிஸ் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தாள். "அக்கா, தாழ்வாரத்துல தொங்கின சாக்கு எங்கே?"

"அந்தக் கொட்டையா? பனியில கெட்டுப்போகுமேன்னு அப்பவே உள்ளே எடுத்து அடுப்புக்குப் பின்னாடி வெச்சுட்டேன். நல்லாக் காயட்டும்னு."

"எப்போ?"

"நான் வந்த மறுநாள். ஏன், ஹிக்கரிக் கொட்டைதானே?"

அடுப்புக்குப் பின்னால் சாக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. அந்தச் சூட்டில் புழுக்களுக்கு வசந்தம் வந்துவிட்டது. ஒவ்வொரு உருண்டையிலும் ஒரு துளை, உள்ளே வெறும் கூடு. சுவரில், திரைச்சீலையில், காலண்டரில், பெர்னடீனின் ஊன்றுகோலில் ஈக்கள் உலாவின.

"அடிப்பாவி அக்கா! அது புழு வீடு!"

"புழுவையா சமையலறைக்குப் பக்கத்துல மாட்டி வெச்சே? தப்பு என்மேலயா?" என்ற பெர்னடீன், கொஞ்ச நேரம் கழித்துத் துடைப்பத்தை எடுத்தபடி, "பாவம், ஒண்ணுக்கும் பறக்கவே தெரியலியே," என்றாள்.

மறுநாள் விடிந்ததும் மார்லிஸ் பனிக்காலணி கட்டிக்கொண்டு சரிவில் ஏறினாள். டிசம்பரில் தாழ்வான பக்கத்தை அவளே துடைத்துப் பறித்திருந்தாள். மேல் பக்கத்தில் மிச்சம் இருந்தது, ஆனால் மரங்கொத்திகள் அவளுக்கு முன்பே வந்து போயிருந்தன. ஓட்டை விழுந்தவற்றை ஒதுக்கி, முழுசாக இருந்தவற்றை வெட்டிப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"தாயே, காலங்காத்தால என் நிலத்துல என்ன வேலை?"

கோர்டி காப்பிக் குடுவையோடு நின்றான். பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. சாக்கு, அடுப்பு, அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். கோர்டி சிரித்த சிரிப்பில் குடுவை கைநழுவிப் பனியில் விழுந்தது.

"சிரிச்சு முடிச்சியா? இப்போ விரட்டணும்னா விரட்டு. உன் நிலம்."

"விரட்டிட்டு? வெறுங்கையோட வந்த பொம்பளையை ஜெயிச்சேன்னு மதுக்கடையில சொல்லிக்கவா?" அவன் குனிந்து ஒரு தண்டை ஒடித்தான். "இது ஆகுமா?"

அவன் கையில் இருந்தது நீளமாக, நூல்கண்டு போல வீங்கிய தண்டு.

"அது வேற. அந்துப்பூச்சி குடியிருந்த வீடு. செப்டம்பர்லயே காலி பண்ணிட்டுப் போயாச்சு. உருண்டையா இருக்கிறதா பாரு."

பை நிரம்ப வெகுநேரமானது. பாதி அவன் பறித்தது.

போட்டியன்று வானம் பளிச்சென்று இருந்தது. மூச்சு விட்டால் மீசையில் பனி கட்டும் குளிர். ஏரி மேல் கூடாரங்களும் வாளிகளும் நாய்களும் பொரித்த சாசேஜ் வாசமுமாக ஊரே நின்றது. மார்லிஸ் உருண்டைகளைச் சட்டைப்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகக் கத்தியால் பிளந்து புழுவை எடுத்து முள்ளில் ஏற்றினாள். ப்ளூகில் மீன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பெர்னடீன் மடக்கு நாற்காலியில் காலை நீட்டி, கம்பளி போர்த்தி, பக்கத்துத் துளைகளை வேவு பார்த்தாள்.

"கோர்டி கடையில வாங்கின மெழுகுப்புழுவைப் போடுறான். ஒண்ணும் கடிக்கலை. புழு போன மாதிரியே திரும்பி வருது," என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

மதியம் தாண்டியது. கோர்டி எழுந்து, வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். தொப்பியைக் கழற்றினான்.

"மார்லிஸ். ஒரே ஒரு உருண்டை."

"குடுக்காதே!" என்றாள் பெர்னடீன். "ஜெயிச்சாச்சு. வாயை மூடிக்கிட்டு உக்காரு."

மார்லிஸ் தன் வாளியைப் பார்த்தாள். சரிவு அதற்குள்தான் இருந்தது. ஆனால் சட்டைப்பையில் இருந்தவற்றில் பாதி இவன் கையால் பறித்தவை. அவற்றை வைத்துக்கொண்டு இவனை ஜெயிப்பது அவளுக்கு நியாயமாகப் படவில்லை. ஒரு கை நிறைய அள்ளி அவன் தொப்பியில் போட்டாள்.

"பைத்தியம்," என்றாள் அக்கா.

கோர்டியின் துளைக்குக் கீழே ஒரு பெர்ச் மீன் கூட்டம் வந்து நின்றதாக இருக்க வேண்டும். இழுத்தான், இழுத்தான், இழுத்துக்கொண்டே இருந்தான். "ஏய், பாருங்கடா! இதென்னடா இது!" என்று சின்னப் பையன் போலக் கத்தினான். தீயணைப்புச் சங்கு ஊதியபோது இருவர் வாளியும் தராசுக்குப் போயின. அவனுடையது ஒரு மீன் எடை கூடுதல்.

மார்லிஸ் அவன் கையைக் குலுக்கினாள். வீட்டுக்குப் போய்க் குளித்தாள். நீலக் கவுனை இஸ்திரி போடும்போது ஒருமுறை ஜன்னல் வழியாகச் சரிவைப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்து விட்டாள்.

தீயணைப்புக் கூடத்தில் அக்கார்டியன் முழங்கியது. கோர்டி ஆடத் தெரிந்தவன், அதை அவள் எதிர்பார்க்கவில்லை. இரண்டு பாட்டு வரைக்கும் அவன் மீன் கதையை ஓயாமல் பேசினான். எப்படி நுனி மட்டும் லேசாக நடுங்கியது, எப்படி அடுத்த புழுவை ஏற்றுவதற்குள் கை பரபரத்தது. மூன்றாம் பாட்டில் வேகம் குறைந்தது.

"மார்லிஸ், அந்தச் செடி வேற எங்கே இருக்கு?"

"எந்தச் செடி?"

"தெரியாத மாதிரி கேக்காதே. உருண்டைச் செடி."

"சாலையோரம் மழிச்சுடறாங்க. மத்த இடமெல்லாம் சோளம்."

"அப்போ அடுத்த வருஷம் புழுவுக்கு எங்கே போறது?"

"கடையில மெழுகுப்புழு விக்கிறானே," என்றாள் மார்லிஸ். "போன மாதிரியே திரும்பி வரும்."

பாட்டு முடிவதற்குள் அவள் காலை இரண்டு முறை மிதித்தான்.

"கன்னுக்குச் சொல்லியாச்சு," என்றான் கடைசியில், பரிதாபமாக. "ஏப்ரல்ல வந்து இறங்கிடும். எங்கே நடுறது?"

"ஜெயிச்சவன் நீ. உன் நிலம், உன் கன்னு. என்னை ஏன் கேக்குறே?"

ஏப்ரலில் லாரி வந்தது. கோர்டி ஒரு நாள் முழுக்க மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு வீட்டு முன்னால் நின்றான். பிறகு, ஊரே வேடிக்கை பார்க்க, தன் புல்தரையை ஒரு மூலையிலிருந்து கொத்தத் தொடங்கினான். ஃபர் கன்றுகள் வரிசையாக வீட்டு வாசல்வரை நின்றன. பெர்னடீன் அதைப் பார்ப்பதற்கென்றே முழங்கால் சரியான பிறகும் இன்னும் ஒரு வாரம் தங்கினாள்.

அந்தச் செப்டம்பரில் சரிவு முன்னெப்போதையும்விட அடர்த்தியாகப் பூத்தது. கோர்டி வழக்கம் போலத் தும்மினான், யாரையும் முறைக்கவில்லை.

டிசம்பரில் முதல் பெரும்பனி விழுந்த மறுநாள் மார்லிஸ் பையோடு சரிவுக்குப் போனாள். அவளுக்கு முன்பே ஒரு பெரிய காலணித் தடம் மேலும் கீழும் ஓடியிருந்தது. கீழ்ப்பக்கத்துத் தண்டுகளில் ஒன்றில்கூட உருண்டை இல்லை. வெட்டிய நுனிகள் மட்டும் சுத்தமாக நின்றன. நடுப்பக்கமும் அப்படியே. அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவன் வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"ஏய் கோர்டி! திருட்டுப் பயலே! வெளியே வாடா!"

கதவு திறந்தது. கையில் சாக்கு.

"என் நிலத்துல நான் எப்படிம்மா திருடனாவேன்?"

"பாதியைக் கொண்டா!"

"குடுக்கிறேன். போல்கா ஆடுவியா?"

"முதல்ல அந்தச் சாக்கை வெளியே குளிர்ல வையி," என்றாள் மார்லிஸ், சரிவில் இறங்கி வந்துகொண்டே. "அப்புறம் பேசலாம்."