அடுப்பில் காய்ந்த செப்புக்கம்பி

பழுதுபார்க்கப் போகும் படகுகளில் கரண்ட் இருக்காது என்பதால், யூஎஸ்பியில் ஓடும் சால்டரிங் அயர்னாகப் பார்த்து வாங்கினேன். பவர் பேங்கில் செருகிய சில நொடிகளிலேயே ஈயம் உருகியது. அந்தப் புகை என்னைக் காரைக்கால் வீட்டு அடுப்படிக்கு இழுத்துப்போனது.

எனக்கு அப்போது எட்டு வயது. கடலில் அப்பா, கரையில் காற்று ஏறுகிறது, கரண்ட் இல்லை. படகோடு பேசும் வீட்டு வயர்லெஸ் செட்டின் பேட்டரி வயர் உப்பரித்து அறுந்துவிட்டது.

சித்தி அரிவாள்மனையில் வயரைச் சுரண்டினாள். ஈயம் பிடிக்க, படகின் இடுக்கு அடைக்கும் குங்கிலியப் பிசினைத் தடவினாள். அடுப்பில் காய்ந்த செப்புக்கம்பியால் பழைய ரேடியோவின் ஈயத்தை உருக்கியெடுத்து ஒற்றினாள்.

"மூச்சு விடாதடி, ஆறட்டும்."

செட் கரகரத்தது. சித்தி கத்தினாள்: "அத்தான், காத்து ஏறுது, திரும்பிடுங்க!"

"திரும்பியாச்சு. உலை வையி, பசிக்குது."

இன்றும் ஈயம் ஆறும்வரை நான் மூச்சு விடுவதில்லை.