தின்னர் வாடை

பழைய நகப்பாலிஷை அழிக்க மகள் ஒரு புட்டியைத் திறந்தாள். அந்த வாடை மூக்கில் ஏறியதுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுபதுகளில் அம்பத்தூர் எஸ்டேட் பட்டறை ஒன்றில் அப்பாவுக்கு மோட்டார் பம்புகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. ஏழாவது படிக்கும்போது திருமுல்லைவாயில் திருவிழாக் கடையில் மலிவான சிவப்பு நகப்பாலிஷ் ஒன்று வாங்கி, பத்து விரலுக்கும் பூசிக்கொண்டேன். அன்று மாலையே அப்பா பார்த்துவிட்டார்.

“இன்னாடி இது, கூத்தாடி மாரி பூசிக்கினு கீற? கைய நீட்டு!”

பட்டறையிலிருந்து கொண்டுவந்த, பெயிண்ட் கரைக்கிற தின்னரைக் கந்தலில் ஊற்றி, தோல் உரியத் தேய்த்தார். நகக்கண்ணெல்லாம் தீயாக எரிந்தது.

“கொயந்த கை எரியுதுய்யா, உட்டுடு,” என்றாள் அம்மா.

“எரியட்டும். அப்பத்தான் புத்தி வரும்.”

தேய்த்து முடித்துவிட்டுச் சோற்றுக்கு உட்கார்ந்தார். பிசைகிற கையைப் பார்த்தேன். நகத்துக்கு நகம் பம்புக்கு அடித்த சிவப்பு அப்பிக்கிடந்தது. அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“கைய நீட்டும்மா, உனக்கும் போட்டு விடறேன்,” என்றாள் மகள்.

அறுபது தாண்டியும் என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது. சனியனே என்று அதை நானே இழுத்து அவள் மடியில் வைத்தேன்.

“சிவப்பே போடு.”