இளைத்துப்போன சம்பந்தியம்மா

எங்கள் ஊரில் ஒருவர் எவ்வளவு பெருத்தாலும் யாரும் கவலைப்பட மாட்டார்கள். “நல்லா இருக்கீங்க” என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள். அதே ஆள் கொஞ்சம் இளைத்துவிட்டால் போதும், தெருவே துக்கம் விசாரிக்க வந்துவிடும். திருமயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான், அந்த வாழ்த்தைப் பல வருஷம் அலுக்காமல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மிஷின் ஓடும், நான் நாற்காலியில் இருப்பேன். நாற்காலி இரண்டு தடவை உடைந்தது. இரண்டு தடவையும் நாற்காலி செய்தவனைத்தான் திட்டினேன்.

பிறகு ஒரு உறவுக்காரப் பெண்ணின் கல்யாணம் வந்தது. மேடைக்கு முன்னால் விரித்திருந்த ஜமுக்காளத்தில் உட்கார்ந்தேன். உட்காருவதில் எனக்கு எந்தச் சிரமமும் கிடையாது. தாலி கட்டும் நேரம் எல்லோரும் அட்சதை போட எழுந்தார்கள். என்னால் எழ முடியவில்லை. உட்கார்ந்தபடியே போட்டேன். முன்னால் நின்ற பெரியவர் முதுகில் போய் விழுந்தது, அவருக்கு என் ஆசி. அதன்பிறகு இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க, மூன்றாவதாக ஒருத்தி பின்னால் நின்று முட்டுக்கொடுக்க, ஒருவழியாக நிமிர்ந்தேன். வீடியோக்காரர் அதை விடாமல் பிடித்து, மெதுவாக ஓடவிட்டு, நாதஸ்வரமும் சேர்த்திருந்தார்.

அந்த வீடியோவைக் குடும்பமே கூடிப் பார்த்தது. என் வீட்டுக்காரர் அந்த இடத்தை மட்டும் மறுபடி போடச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. வீட்டில் கல்யாண வயதில் மகள் இருக்கிறாள். அவள் மேடையிலும் என்னை நாலு பேர் தூக்கித்தான் நிறுத்த வேண்டுமா என்று நினைத்தபோது அழுகை வந்தது.

முதலில் எல்லோரையும் போலக் குறுக்கு வழியில்தான் போனேன். கொள்ளு ரசம் குடித்தேன். வெந்நீரில் எலுமிச்சையும் தேனும் குடித்தேன். ஒரே வாரத்தில் தொப்பை காணாமல் போகும் என்று போனில் வந்த பொடியையும் வரவழைத்துக் கலக்கிக் குடித்தேன். பொடிதான் காணாமல் போனது. கடைசியில் புதுக்கோட்டையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் என் ரத்தத்தைப் பரிசோதித்து, சர்க்கரை எதுவும் இல்லை என்றார்.

“சோத்தப் பாதியாக்குங்க, காய ரெண்டு மடங்காக்குங்க, தெனமும் நடங்க. அவசரப்படாதீங்க. வருஷக்கணக்குல ஏறுனது, மெதுவாத்தான் எறங்கும்.”

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “மாத்திர ஒண்ணுகூட எழுதலையே. நல்ல டாக்டர் இல்ல போல” என்றார்.

நான் பட்டினி கிடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு வழக்கம்போல உண்டு, மூன்றாம் தடவை சோறு போட்டுக்கொள்வது மட்டும் நின்றது. டீயில் சீனி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, ஒருநாள் இல்லாமலே போனது. முறுக்கு டப்பாவைப் பரணில் ஏற்றச் சொன்னேன். ஸ்டூல் போட்டு ஏறும் நிலையில் என் முட்டி அப்போது இல்லை என்பதால் அது பத்திரமாக இருந்தது.

நடப்பதுதான் பெரும்பாடு. கால் வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், எங்கள் ஊர்க்காரர்களின் நல்ல மனசைப் பொறுக்க முடியாது. சேலைக்குக் கீழே ஷூவைப் போட்டுக்கொண்டு, கோட்டைக்குப் பின்பக்கம் கண்மாய்க்கரையை நோக்கிக் கிளம்பினால், போகிற வண்டியெல்லாம் நிற்கும்.

“எங்கிட்டுக்கா போறீங்க? ஏறுங்க, எறக்கி விட்டுர்றேன்.”

“சும்மா நடக்குறேன்ப்பா.”

“ஏங்க்கா, வண்டி ரிப்பேரா?”

மினி பஸ்காரர் ஹாரன் அடித்து நிறுத்திக் காத்திருப்பார். நான் ஏறாவிட்டால் உள்ளே இருக்கும் ஜனம் என்னை முறைக்கும். ஒருநாள் மரியாதைக்காக ஏறி, கடைசி ஸ்டாப்பில் இறங்கி, அங்கிருந்து வீட்டுக்கு நடந்தே வந்தேன். அன்றைக்கு நடந்த நடையை அதற்கு முன்னால் நான் நடந்ததே இல்லை. இதற்கிடையில் என் வீட்டுக்காரரிடம் டீக்கடையில் யாரோ, “வீட்டுல என்னமும் சண்டையா? அக்கா காலங்காத்தால விறுவிறுன்னு போறாங்க” என்று கேட்டுவிட்டார்கள். குடும்ப மானத்தைக் காப்பாற்ற அவர் ஒரு வாரம் எனக்குப் பின்னாலேயே பைக்கை உருட்டிக்கொண்டு வந்தார். பைக் உருட்டியதில் அவருக்குத்தான் முதலில் பேண்ட் தளர்ந்தது.

எனக்கு நாள் பிடித்தது. எடை பார்க்கும் மிஷின் பல வாரம் என்னைக் கண்டுகொள்ளவே இல்லை. இறங்க ஆரம்பித்த நேரத்தில் தீபாவளி வந்து பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனது. மறுபடி நடந்தேன். ஒருநாள் துணி காயப்போட மாடிக்குப் போனவள், நடுவில் நிற்காமல் ஏறிவிட்டதை மேலே போன பிறகுதான் கவனித்தேன். சந்தோஷத்தில் எதற்கென்றே தெரியாமல் இன்னொரு தடவை இறங்கி ஏறினேன்.

அடுத்த நாளே தண்டனை ஆரம்பித்தது. ஜாக்கெட்டைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தபோது தையல்கார அம்மா குரலைத் தாழ்த்தி, “சுகராக்கா?” என்றாள். பிறகு பால்காரர் கேட்டார். பிறகு கடைக்கு ஆதார் கார்டு நகல் எடுக்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டார்கள். “இல்லைங்க, சாப்பாட்டக் கொறச்சு நடக்குறேன்” என்றால், பாவம், மறைக்கிறது என்று பார்த்தார்கள். ஒருநாள் பதில் சொல்லி அலுத்துப்போய்ச் சும்மா தலையாட்டினேன்.

அடடா, வாழ்க்கை எவ்வளவு சுலபமாகிவிட்டது! பந்தியில் என் இலையில் லட்டைத் திணித்த கைகள் பின்வாங்கின. மினி பஸ் எனக்காக நிற்கவில்லை. சுகர்க்காரர் நடக்கலாம், சோற்றை மிச்சம் வைக்கலாம், பாயசம் வேண்டாம் என்று சொல்லலாம். நோய் இல்லாதவருக்கு இந்தச் சலுகை எதுவும் கிடையாது. எனவே நான் நிம்மதியாக நோயாளியாக இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு வரன் கூடியது. அறந்தாங்கிப் பக்கத்துப் பையன், திருச்சியில் அவளோடு ஒரே ஆபீசில் வேலை. இருவருக்கும் பிடித்துப்போய், வீட்டில் பேசச் சொல்லியிருந்தார்கள். ஆனால் எங்கள் பக்கம் பையனுக்கும் பெண்ணுக்கும் பிடித்தால் மட்டும் போதாது. பெண் வீட்டைப் பற்றி ஊருக்குள் ஆள் விட்டு விசாரிக்க வேண்டும். பையனின் தாய்மாமன் எங்கள் தெரு மளிகைக்கடையில் வாழைப்பழம் வாங்குகிற சாக்கில் விசாரித்திருக்கிறார். கடைக்காரர் பொய் சொல்லாத மனுஷன். வினையே அதுதான்.

“தங்கமான குடும்பங்க. என்ன, முன்ன மாதிரி சாமான் போறதில்ல. அரிசி பாதியாயிருச்சு, எண்ணெய் கொறஞ்சுருச்சு, சீனி வாங்குறதே இல்ல. அந்தம்மாவும் சுகர் வந்து எளைச்சுப் போச்சு.”

தாய்மாமன் இதிலிருந்து இரண்டு முடிவுக்கு வந்தார். ஒன்று, குடும்பம் நொடித்துவிட்டது. இரண்டு, அம்மாவுக்கு இருப்பது சுகரைவிடப் பெரிய நோய், நாளைக்குப் பெண்ணுக்கும் வரும். “கொஞ்சம் யோசிக்கணும்” என்று அங்கிருந்து தகவல் வந்தது.

எங்கள் வீட்டில் கூட்டம் போட்டார்கள். அடுத்த தெருவில் இருக்கும் என் நாத்தனார்தான் தலைமை. “இந்தா பாருத்தா, ஒரு மாசம் நல்லாத் தின்னு பழையபடி ஆயிரு. கல்யாணம் முடிஞ்சதும் நீ என்னமும் செஞ்சுக்க” என்றார். அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் என் வீட்டுக்காரர் பரோட்டா பார்சலோடு வந்து நின்றார். மகளின் கல்யாணம் தள்ளிப்போகும் கவலை அவர் முகத்தில் துளியும் இல்லை.

நாத்தனார் பேச்சுக்குக் கோபம்தான் வந்தது. மகள் போனில் பேசியதுதான் வலித்தது. “எனக்காக ஒரு மாசம் மட்டும்மா” என்று அழுதாள். அந்தப் பையனை அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அன்றைக்குச் சால்னா ஊற்றிப் பரோட்டாவைத் தின்றேன். ருசியாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். ஆனால் மறுநாள் விடிந்ததும் கால் ஷூவைத் தேடியது. கண்மாய்க்கரை வரை போய்விட்டுத் திரும்பி வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“அவங்கள நேர்ல வரச் சொல்லுங்க. நான் சாகப்போறேனா இல்லையான்னு பாத்துட்டுப் போகட்டும்.”

வந்தார்கள். தாய்மாமன் நாற்காலியில் உட்கார்ந்து, என் கண், நகம், பாதம் எல்லாவற்றையும் மாடு வாங்க வந்தவர் மாதிரிப் பார்த்தார். பல்லையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். கேசரி வந்ததும் அவர் கண்ணெதிரே ஒரு கரண்டி எடுத்துத் தின்றேன். பாதி நோய் அப்போதே குணமானது அவர் முகத்தில் தெரிந்தது.

பெண்கள் எல்லோரும் ஜமுக்காளத்தில் உட்கார்ந்திருந்தோம். பையனின் அம்மா எனக்கு எதிரே இருந்தார். காலித் தட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு நான் எழுந்தேன். எதையும் பிடிக்காமல்தான் எழுந்தேன், அது எனக்கே பிறகுதான் உறைத்தது. அந்த அம்மாவும் கூடவே எழப் பார்த்தார். கையைத் தரையில் ஊன்றினார். முடியவில்லை. மறுபடி ஊன்றினார். சுற்றிலும் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், நாதஸ்வரத்தோடு வீடியோவில் இருக்கிறது. தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு என் கையைக் கொடுத்தேன். எழுந்த பிறகும் அவர் கையை விடவில்லை. தண்ணீர் குடிக்க வேண்டும் என்று அடுப்படிக்குக் கூட்டிப்போனார்.

“உண்மையச் சொல்லுங்க. என்ன மருந்து?”

“மருந்தெல்லாம் இல்லைங்க. பாதிச் சோறு, காலைல நடை. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு.”

“அப்ப சுகரு?”

“அது ஊருக்காகச் சொன்னதுங்க.”

அவர் கூடத்துப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “எங்க மொட்ட மாடி எப்படியிருக்குன்னே எனக்கு மறந்துபோச்சுங்க. நடக்கணும்னு ஆசதான். ஆனா சின்னவ ஒருத்தி இருக்கா. அவளுக்கும் ஒரு எடம் அமையட்டும். இப்பப் போயி நான் எளைச்சா, அவளக் கேட்டு வாரவங்க என்ன நெனைப்பாங்க?”

நான் ஒரு சொம்பில் தண்ணீர் மொண்டு அவர் கையில் கொடுத்தேன். கூடத்துக்குத் திரும்பிப் போனவர் தன் தம்பியிடம், “அவங்க நல்லாத்தான் இருக்காங்க. பூ வைக்க நாளப் பாரு” என்றார். நாத்தனார் அது கேசரியின் மகிமை என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பூ வைத்து முடிந்தது. கல்யாணத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. போன வாரம் ஒருநாள் விடிகாலையில், நான் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

“சம்பந்தியம்மா, வாசல் கேட்டத் தாண்டி ரோட்டுல நிக்கிறேன். வீட்டுல ஒருத்தரும் முழிக்கல. இப்ப எங்கிட்டுப் போக?”

“எங்கிட்டாச்சும் போங்க. திரும்பி வார தூரமான்னு மட்டும் பாத்துக்கங்க.”

அவர் செருப்புச் சத்தம் கேட்டது. கூடவே மூச்சு வாங்குவதும் கேட்டது. சற்று நேரத்தில் ஒரு பைக் வந்து நின்றது. “என்ன பெரியம்மா, இந்நேரத்துல நடந்து போறீங்க?” என்று யாரோ கேட்டார்கள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். சுகர் என்று சொல்ல அவருக்கு வழியில்லை, வீட்டில் சின்னவள் இருக்கிறாள்.

“பஸ்ஸுக்குப் போறேன்ப்பா. திருமயத்துல எங்க சம்பந்தியம்மாவுக்கு ஒடம்பு ரொம்ப முடியலையாம். நீ போ, நான் நடந்தே வாரேன்.”

பைக் போய்விட்டது. செருப்புச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. பரவாயில்லை, அந்த ஊரிலும் நான் நோயாளியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். அவர் நடக்கட்டும்.