அம்மாவின் பசியை நான் பக்தி என்று நினைத்த நாட்கள்

பிரியமானவர்களே, என் அம்மா பட்டினி கிடந்தார். என் கண் முன்னால்தான் கிடந்தார். நான் அதை பக்தி என்று நினைத்தேன். அந்தத் தவறையும், அதன் நடுவில் கர்த்தர் எனக்குச் செய்ததையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நானும் அம்மாவும் மட்டும் பீர்க்கன்கரணையில் இருக்கிறோம். நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருப்பவள். எதையும் வரிசையாக எழுதி வைத்தால்தான் எனக்கு மனம் அடங்கும். போன வருடம் அம்மாவுக்குச் சர்க்கரை ஏறியது. டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். நான் ஃபிரிட்ஜில் ஒரு பட்டியல் ஒட்டினேன். சோறு, இட்லி, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், ரஸ்க் என்று இருபத்தாறு பொருட்கள். எல்லாவற்றுக்கும் நேரே சிவப்பில் பெருக்கல் குறி. அம்மா ஒரு ரஸ்க்கைத் தொட்டாலும், "அது எத்தனாவது நம்பர், படிச்சுப் பாரும்மா" என்பேன்.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்கள் தொடங்கின. "நாப்பது நாளும் மத்தியானம் வரைக்கும் உபவாசம் இருக்கப்போறேன்" என்றார் அம்மா. எனக்குச் சந்தோஷம். சர்க்கரையும் குறையும் என்று கணக்குப் போட்டேன். வெறும் வயிற்றில் இருப்பவருக்குக் காலை மாத்திரையை நானே எடுத்துக் கொடுத்தேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மூன்றாவது வாரம், சனிக்கிழமை காலை பத்து மணி. அம்மா சமையலறைத் தரையில் கிடந்தார். உடம்பெல்லாம் வேர்வை. கூப்பிட்டால் பதில் இல்லை. பக்கத்து வீட்டு அக்கா ஆட்டோ பிடித்து வந்தார். பெருங்களத்தூர் சிக்னலில் ஆட்டோ நகரவேயில்லை. தினமும் விண்ணப்பங்களை எண் போட்டு ஜெபிக்கிறவள் நான். அன்று, "ஆண்டவரே, அம்மாவைக் கொடுத்துடுங்க" என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் விரலில் குத்திப் பார்த்த நர்ஸ் என் பக்கம் திரும்பினார். "மாத்திரையும் போட்டு பட்டினியும் போட்டா ஒடம்பு இன்னாம்மா பண்ணும்? படிச்ச பொண்ணுதானே நீ?"

சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்ததால் குளுக்கோஸ் ஏற்றினார்கள். சில நிமிடங்களில் அம்மா கண் திறந்தார். என் ஜெபம் கேட்கப்பட்டது. ஆனால் அம்மா என்னிடம் முதலில் கேட்டது, "திட்டுவியா?"

அவர் கையைப் பிடித்தேன். அவரே சொன்னார். "உபவாசம்னா நீ ஒண்ணும் சொல்ல மாட்டேன்னு நெனச்சேன். எதுக்குப் பார்த்தாலும் பெருக்கல் போட்டு வெச்சிருக்க. எதைத்தான் சாப்பிடறதுன்னே தெரியலடி."

கட்டில் ஓரத்தில் முழங்காலிட்டு அழுதேன். நன்றி சொன்னேனா, மன்னிப்புக் கேட்டேனா, எனக்கே தெரியாது.

டாக்டர் மாத்திரையைக் குறைத்தார். உணவு ஆலோசகர் அம்மாவிடமே பேசினார். எதையும் அடியோடு விடச் சொல்லவில்லை. இரண்டு இட்லிக்குக் காய் நிறையப் போட்ட சாம்பார். ஒரு கப் சோறு, அதைவிட அதிகமாகக் கீரையும் பொரியலும். சாயங்காலம் சுண்டல். மாத்திரை போட்டால் வேளை தவறக்கூடாது.

இப்போது சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஆனாலும் இரண்டாவது இட்லியை எடுக்கும் முன் அம்மா சில நாள் என் முகத்தைப் பார்க்கிறார். அந்தப் பார்வை என்னை உடைக்கிறது. "போட்டுக்கோம்மா" என்கிறேன்.

சர்க்கரை உள்ளவர்கள் உபவாசத்துக்கு முன் டாக்டரிடம் கேளுங்கள். அது அவிசுவாசம் அல்ல. வீட்டில் நீங்கள் நேசிக்கிறவர் உங்களுக்குப் பயந்து சாப்பிடுகிறாரா என்றும் பாருங்கள். என்னைப் போலத் தவறியிருந்தால், வெட்கப்பட்டு ஒதுங்காமல் ஆண்டவரைக் கூப்பிடுங்கள். தவறு செய்த என் கையிலேயே அவர் அம்மாவைத் திரும்பக் கொடுத்தார்.