தார்ச்சாலையில் ஒரு கருட தரிசனம்

செம்பருந்து என்பது அப்பறவையின் பெயர். எங்கள் தீவில் அவ்வாறு அழைப்பார் எவருமில்லை. கருடன் என்பார்கள், சொன்ன மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வணக்கத்துக்குரிய ஒன்றைக் காக்கவேண்டியதில்லை என்று இவர்களுக்குக் கற்பித்தவர் எவரோ, நான் அறியேன். நெடுங்காலம் ஆசிரியனாக இருந்த நானாவது அதைக் கற்பிக்கவில்லை.

வேலணையிலிருந்து கடலை ஊடறுத்து வரும் தாம்போதி வீதி எங்கள் புங்குடுதீவைத் தொடுமிடத்தில், ஒருவர் பலகையிட்டு மீன் வெட்டி விற்கிறார். சற்று அப்பால் ஓர் ஆலமரம். இவ்வாண்டு அதன் உச்சியில் ஒரு செம்பருந்து இணை கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது. நயினாதீவில் அம்மனை வழிபட்டுக் குறிகட்டுவானில் கரையேறும் அடியார்கள், யாழ்ப்பாணம் திரும்புகையில் அவ்விடத்தைக் கடந்தே ஆகவேண்டும். வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தோரே அவர்களுட் பலர். பத்தியும் பாய்ச்சலும் ஒருங்கே உடையவர்கள். அம்மன் சந்நிதியில் காட்டிய பொறுமையை வீதியில் காட்டார்.

ஒரு நண்பகலில் நான் அங்கே பேருந்துக்குக் காத்து நின்றேன். ஊர்தியொன்று நின்றது. பட்டுடுத்த பெண்ணொருத்தி கண்ணாடியை இறக்கி, மீன்காரரை அழைத்து மேலே சுட்டினாள்.

"அண்ணை, அந்தக் கருடன் கீழை வருமோ?"

"குடலை எறிஞ்சா வரும், தங்கச்சி. மீன் வாங்கேல்லையோ?"

"சீ! அம்மாளிட்டைப் போயிட்டு வாறம். மச்சத்தைத் தொடுவமே? நீங்கள் எறியுங்கோ, இவர் வீடியோ எடுக்கட்டும்."

மீன்காரர் ஒரு பிடி குடலை வீதியின் நடுவே வீசினார். பறவை சரிந்திறங்கிக் கவ்வியது. "ஐயோ, அம்மாளே காட்சி தந்த மாதிரி!" என்று உள்ளிருந்து ஒரு குரல். மரக்கறி நோன்பு பிறழாமல், பிறர் கையால் மீன்குடல் எறிவித்துத் தெய்வத்தைத் தாருக்கு இறக்கிய நுண்மதியை என்னென்பது! அவர்கள் மகிழ்ந்து போயினர். எஞ்சிய குடலுக்காகப் பறவை மீண்டும் இறங்கியது. பின்னால் விரைந்து வந்த அடியார் ஊர்தி அதை அடித்துவிட்டு, வேகம் குறையாமலே சென்றது.

செய்தி ஊருக்குள் பரவ, எங்கள் கோயில் தர்மகர்த்தா பட்டுத்துண்டும் சந்தனமுமாக வந்து சேர்ந்தார். இறந்த பறவையைப் பட்டில் பொதிந்து, பால் வார்த்து, வீதியோரத்திலேயே புதைத்தார்கள். கற்பூரம் எரிந்தது. சிலர் கண்ணீரும் விட்டனர். தாரில் கிடந்த குடலை மட்டும் எவரும் தொடவில்லை; கால் தீட்டுப்படாதவாறு வேட்டியை உயர்த்தி, அதைச் சுற்றி நடந்தார்கள். அவர்கள் கலைந்த மறுகணமே துணைப்பறவை அதே குடலின்மேல் வந்திறங்கியது. குஞ்சுக்கு இரைதேட இனி அது ஒன்றுதான். அதுவும் மாண்டால் கூட்டிலிருக்கும் குஞ்சு பட்டினியால் மாயும். இவ்வளவுதான் கணக்கு. இது விளங்க மெய்ஞ்ஞானம் வேண்டுமா?

நான் மீன்காரரிடம், கழிவை மறுபுறச் சேற்றுத்திடலில் எறியச் சொன்னேன்.

"அங்கை எறிஞ்சா வாகனத்துக்குள்ள இருக்கிற சனத்துக்குத் தெரியாது, மாஸ்ரர். ரோட்டிலை எறிஞ்சாத்தான் நிப்பினம். நிண்டால் ரெண்டு பேராவது நாளைக்குச் சமைக்க நண்டு வாங்குவினம். கருடனுக்குக் குடுத்த புண்ணியமும் எனக்கு."

வியாபாரமும் புண்ணியமும் ஒரே வீச்சில்! மறுநாள் முதல், நண்பகலில் மண்வெட்டியோடு போய் நின்றேன். அவர் எறிந்ததும், பறவை சரியுமுன் நான் வழித்துச் சேற்றில் தள்ளுவேன். ஊர்திகள் ஒலியெழுப்பின. "கிழவனுக்கு விசர்" என்று எனக்குக் கேட்கவே சொன்னார்கள். பைத்தியமென்று எண்ணியாவது வேகத்தைக் குறைத்தார்களே, அது போதும்.

அக்கிழமையே தர்மகர்த்தா வீட்டுக்கு வந்தார். மாலைப் பூசையில் திருமுறை ஓதுவது பல்லாண்டாக என் பணி.

"மாஸ்ரர், குறை நினையாதையும். மீன்குடல் அள்ளுற ஆள் சந்நிதியிலை நிண்டு தேவாரம் பாடுறது சரியில்லையெண்டு சனம் கதைக்குது."

"சனமோ, நீரோ?"

"சரி, நானுந்தான். உதுக்கெண்டு ஆக்கள் இருக்கினமே. உமக்கேன் இந்த வேலை?"

"அந்த ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாருமன். நான் வீட்டை இருக்கிறன்."

யார் அள்ளவேண்டும் என்பதில் இவர்களுக்கு என்றும் ஐயமில்லை. அள்ளவேண்டும் என்பதுதான் தோன்றுவதில்லை.

"அப்ப மாலைப் பூசைக்கு வேறை ஆளைப் பாரும்" என்றேன்.

"ஒரு பறவைக்காகவோ?"

"ஓம். ஒரு பறவைக்காகத்தான்."

நான் பாடாத பூசை நடக்கிறது. இறைவன் குறைந்துபோனதாகத் தெரியவில்லை. மீன்காரரும், நாள்தோறும் என் முகத்தைப் பார்த்துச் சலித்து, கழிவை நேரே சேற்றிலேயே எறியத் தொடங்கினார். பறவையும் அங்கே இறங்கப் பழகிவிட்டது.

அண்மையில் ஓர் ஊர்தி நின்றது. உள்ளிருந்த இளைஞன் கைப்பேசியை நீட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தான்.

"எவ்வளவு தூரத்திலை நிக்குது! படம் வடிவா விழேல்லை. விடுங்கோ, போவம்."

கும்பிடாமலே போனார்கள். பறவை இரையைக் காலில் இடுக்கி, தாழப் பறந்து, ஆலமரத்துக்கு ஏறியது. உச்சியில் குஞ்சு கத்துவது வீதிவரை கேட்டது.