அண்ணனின் இடது பூட்ஸ்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களும் நண்பர்களும் இதைக் கடைசி வரை படிக்க வேண்டுமென்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். அண்ணனின் ஆட்டம் கெட்டது யாரால் என்று எங்கள் வீட்டிலிருந்து ஒரு பேச்சுக் கிளம்பி உங்கள் எல்லாருக்கும் எட்டியிருக்கும். அது தவறு.

அண்ணன் கிள்ளானில் பிறந்தார். அப்பா ரயில்வேயில் பிட்டர், இயந்திரம் பொருத்துபவர். செந்தூல் பட்டறைக்கு மாற்றலானபோது பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தோம். நான் சிறுபிள்ளையாக இருக்கும்போதே அம்மா காலமானார். காலையில் உலை வைத்து, எனக்குத் தலை பின்னிவிட்டு, அதன் பிறகே அண்ணன் பள்ளிக்கு ஓடுவார். பின்னல் எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருக்கும். பெண்பிள்ளை ஆஸ்பத்திரி வேலைக்குப் போவதா என்று உறவில் சிலர் கேட்டபோது, நர்ஸ் பயிற்சிக்கு என்னை அழைத்துப்போய்ச் சேர்த்தவரும் அவரே.

வெறுங்காலோடு பந்தாடத் தொடங்கியவர் ரயில்வே கால்பந்துக் குழுவில் இடப்பக்க முன்வரிசையில் ஆடினார். பிறகு சிலாங்கூர் குழுவுக்கு எடுத்தார்கள். நடுவரிடம் அவர் வாதாடி ஒருவரும் பார்த்ததில்லை. சீனாவிலிருந்து வந்த குழுவை எதிர்க்க மலாயா முழுவதிலிருந்தும் பதினொரு பேரைப் பொறுக்கியபோது அதில் அவர் பெயரும் இருந்தது. அதுவே அவருக்கு வெளிநாட்டுக் குழுவோடு முதலும் கடைசியுமான ஆட்டம்.

முற்பாதியில் நன்றாக ஓடினார். பிற்பாதியில் நின்றுவிட்டார். காலடிக்கு வந்த பந்தைக்கூடத் தொடவில்லை. பாடாங் திடலைச் சுற்றி நின்ற கூட்டம், தூங்குகிறான் என்று கத்தியது. தோற்றோம். வீட்டுக்கு வந்தபோது இடது காலுறை ரத்தத்தில் ஊறியிருந்தது. பூட்ஸ் அடியில் அடித்த ஸ்டட்டின் ஆணி உள்ளே ஏறிவிட்டது என்றார். கட்டுப் போட்டவள் நான். ஆணி குத்தினால் துளை விழும். இது உள்ளங்காலில் ஒரு விரல் கணு நீளத்துக்கு நேர்க்கோடாக அறுபட்டிருந்தது.

அன்றே ஒரு தாளில் அந்த பூட்ஸைத் தொட்டவர்களை எழுதினேன். ஒன்று, புது ஸ்டட் அடித்த சீனச் செருப்புக்காரர். இரண்டு, குழுவின் சாமான்களுக்குக் காவலிருந்தவர். மூன்று, சவரிமுத்து. அண்ணனின் தோழர், எங்கள் குவார்ட்டர்ஸ்காரர், அண்ணன் இல்லாவிட்டால் அந்த இடத்தில் ஆட வேண்டியவர். பூட்ஸைச் செருப்புக்காரரிடம் கொண்டுபோய் வாங்கி வந்தவரும் அவரே. அடுத்த குழுத் தேர்வில் அண்ணன் பெயர் போய் அவர் பெயர் வந்ததும் முதல் இரண்டையும் அடித்துவிட்டேன். எங்கள் வீட்டாரை அந்தத் தாளில் நான் எழுதவே இல்லை.

அப்பா என்னைவிடத் தீர்மானமாக இருந்தார்.

"காவல் வச்சும் இப்படி ஆச்சுன்னா, எவனோ பெருசா செஞ்சிருக்கான்."

என்ன காவல் என்று நான் கேட்கவில்லை.

சவரிமுத்துவின் கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை, உங்களையும் போகவிடவில்லை. குவார்ட்டர்ஸில் யாரும் முகம் கொடுத்துப் பேசாமல் போகவே, அவர் கிள்ளானுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். அண்ணன் மட்டும் ஞாயிறுதோறும் ரயிலேறிப் போய்ப் பார்த்து வந்தார். அந்தப் பயலோடு என்ன சகவாசம் என்று அப்பா கேட்டால், "அவன் ஒண்ணும் செய்யலப்பா, விடுங்க" என்பார். அதற்கு மேல் வாய் திறக்கமாட்டார். அவருக்கு இளகிய மனசு என்று எண்ணிக்கொண்டோம்.

அண்ணன் நிமோனியாவில் படுத்தபோது சவரிமுத்து ஆஸ்பத்திரிக்கு பார்லித் தண்ணீர் கொண்டுவந்தார். பாட்டிலைத் திறந்து முகர்ந்து, அவர் கண்ணெதிரேயே கொட்டினேன். அவர் கோபப்படவில்லை.

"பாட்டில மட்டும் கழுவிக் குடுங்க தங்கச்சி. வீட்ல வேற இல்ல."

மூன்றாம் நாள் அண்ணன் காலமானார்.

காரியங்கள் முடிந்து அவருடைய தகரப்பெட்டியைக் காலி செய்தேன். அடியில் இடது பூட்ஸ் இருந்தது. உள்தோல் ஒரு பக்கம் பிரிக்கப்பட்டிருந்தது. கூடவே கைக்குட்டையில் முடிந்த செப்புத் தகடு, கோயிலில் மந்திரம் எழுதித் தருவது, இரண்டு துண்டாக. ஒடிந்த விளிம்பை அளந்தேன். கட்டுப் போட்ட காயத்தின் நீளம்.

அப்பாவிடம் காட்டியபோது அவர் இரண்டு துண்டையும் வாங்கிச் சேர்த்துப் பார்த்தார்.

"கண்ணு பட்டுருமேன்னு காவலுக்கு மந்திரிச்சு வாங்கினேன்மா. கையில கட்டிக்கடான்னா, ஆட்டத்துல கழட்டச் சொல்வாங்கன்னான். அதான் சுருளத் தட்டி நேராக்கி, அவனுக்குத் தெரியாம உள்ளாற வச்சேன். ஓரத்துக்கெல்லாம் அரம் போட்டேனே."

அரம் போட்ட ஓரம் அறுக்கவில்லை. ஓடும் பாதத்தின் கீழே மடங்கி மடங்கித் தகடு நடுவில் ஒடிந்திருக்கிறது. பட்டறையில் எத்தனையோ செம்பு இப்படி ஒடிவதை அப்பா பார்த்தவர். வேறெதுவும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கிள்ளானுக்கு நான் போனேன். சவரிமுத்து வாசலிலேயே நின்று பேசினார்.

"ஆட்டம் முடிஞ்சதுமே எங்கிட்ட பூட்ஸப் பிரிச்சுக் காட்டிட்டான். அப்பாவுக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாருன்னு அழுதான். சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணினேன். நீங்க ஒரு மாசத்துல விட்டுருவீங்கன்னு ரெண்டு பேரும் நெனச்சோம் லா."

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் உள்ளே வரச் சொல்லவில்லை.

அண்ணன் நல்லவர். ஆனால் அப்பாவைக் காப்பாற்றத் தோழரைப் பழிக்கு விட்டது சரியென்று நான் எழுதமாட்டேன். அது அவரை உறுத்தியதால்தான் ஞாயிறுதோறும் போனார் என்று நம்புகிறேன். இதை எழுதச் சொன்னவர் அப்பா. மறைக்காமல் எழுது, வச்சது நான்தான்னு போடு என்றார்.

அண்ணனைப் பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும் வார்டுத் தோழியருக்கும், பாடையைச் சுமந்த ரயில்வே குழுவினருக்கும், பதினாறு நாளும் எங்கள் வீட்டுக்குச் சோறு அனுப்பிய குவார்ட்டர்ஸ் குடும்பங்களுக்கும் எங்கள் நன்றி. சவரிமுத்து அவர்களுக்கு நன்றி சொல்ல எங்களுக்கு இன்னும் தகுதி வரவில்லை. மலர் அச்சாகி வந்ததும் முதல் பிரதியை அப்பாவே கிள்ளானுக்குக் கொண்டுபோகப்போகிறார். நானும் வருகிறேன் என்றேன்; வேண்டாம் என்றுவிட்டார். சவரிமுத்து அதை வாங்கிக்கொள்வாரா என்று தெரியாது.

எங்கள் பேச்சைக் கேட்டு அவரோடு பேச்சை நிறுத்தியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி அவரைக் கண்டால், அவர் பேசட்டும் என்று காத்திராதீர்கள். நீங்கள் முதலில் பேசுங்கள்.